தோள் இடிக்கும் வீடு

அஞ்சாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். குண்டடம் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து ஒரு மாத்துத் துணியோடு திருப்பூரில் வந்து இறங்கினேன். அதற்கப்புறம் நான் கட்டினதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இதை வேறு யாரும் முழுசாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பனியன் கம்பெனியில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடியாகச் சேர்ந்து மூன்றே வருசத்தில் கட்டிங் மாஸ்டர் ஆனேன். மாஸ்டராக இருந்தவன் எட்டு மிசின் போட்டு முதலாளி ஆனேன். எட்டு நாற்பது ஆனது. தங்கச்சிகள் இரண்டு பேரையும் நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தேன். அவிநாசி ரோட்டில் குடோன் கட்டினேன். சாயப்பட்டறைகள் மூடி ஊரே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது என் கம்பெனியில் ஒரு நாள்கூட மிசின் நிற்கவில்லை. நூல் விலை ஏறியபோதும் நிற்கவில்லை. நோய் வந்து ஊரடங்கியபோது மட்டும் நின்றது. அது என் தப்பில்லை.

இதெல்லாவற்றுக்கும் மேலே இந்த வீடு. கீழே கம்பெனி. முதல் மாடியில் நாங்கள். இரண்டாம் மாடியில் வேலை செய்கிற குடும்பங்களுக்கு ஆறு போர்சன். இன்சினீயர் கோடு போட்டுக் கொடுத்தார் என்பது வாஸ்தவம். ஆனால் கம்பி கட்டும்போது பக்கத்தில் நின்றவன் நான், கான்கிரீட் காயாமல் தண்ணீர் ஊற்றினவன் நான். பார்க்க வருகிறவர்களிடம், "எங்கீங்க, ஒரு விரிசல் காட்டுங்க பாப்போம்" என்று சவால் விடுவேன். யாரும் காட்டியதில்லை.

அந்த வீடுதான் கனவில் வர ஆரம்பித்தது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தால் போதும். கனவில் கீழ் ஹால் காலியாக இருக்கும். மிசின் இல்லை, டேபிள் இல்லை, ஆள் இல்லை. நான் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடப்பேன். நடுவில் வரும்போது இடது தோள் எதிலோ இடிக்கும். திரும்பிப் பார்த்தால் ஒன்றுமில்லை, வெறும் காற்று. தள்ளி நடந்தாலும் இடிக்கும். அப்போது மேலேயிருந்து சத்தம் கேட்கும். தட்டு வைக்கிற சத்தம், குழந்தை ஓடுகிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம். எல்லாரும் கீழே இறங்குங்கள் என்று கத்த வாயைத் திறப்பேன். குரல் வராது. முழித்துக்கொள்வேன். முழித்த பிறகும் தோள் வலிக்கும்.

முதல் தடவை இது வந்தது, மகன் மூன்றாம் மாடிப் பேச்சை எடுத்த வாரத்தில். ஆர்டர் பெருகிவிட்டது, ஒடிசாவிலிருந்து இன்னும் ஆள் வருகிறார்கள், தங்க இடமில்லை. மேலே ஒரு தளம் போட்டு ரூம் கட்டி, அதற்கு மேலே பெரிய தண்ணீர்த் தொட்டியும் வைத்துவிடலாம் என்றான். தை பிறந்ததும் வேலை என்று முடிவாகிவிட்டது.

ஒளித்து வைத்துச் சொல்கிற கதை இல்லை இது. இப்பவே சொல்லிவிடுகிறேன். அந்த ஹாலின் நடுவில் ஒரு தூண் இருந்தது. எடுத்தது நான்.

முப்பது வருசம் ஆகப்போகிறது. அப்போது வீடு கீழும் முதல் மாடியும் மட்டும்தான். நீளமான கட்டிங் டேபிள் ஒன்று பழசில் வந்தது. துணியை மடிக்காமல் ஒரே நீட்டாக அடுக்கடுக்காக விரித்து வெட்டினால் வேலையும் வேகம், துணியும் மிச்சம். அந்த நீளத்தில் டேபிள் வைத்திருந்தவர்கள் அப்போது எங்கள் தெருவில் யாருமில்லை. என் ஹாலில் அதைப் போடலாம், ஆனால் நடுவில் தூண் நிற்கிறது. வீட்டைக் கட்டின கொத்தனார் பெருமாநல்லூர்க்காரர். அவரைக் கூப்பிட்டு, தூணை எடுத்துவிடலாமா என்றேன்.

"மொதலாளி, தூண்ல கை வெக்கறதுன்னா என்னைக் கூப்புடாதீங்க. டேபிளை ரெண்டா வெட்டிக்கோங்க" என்றார்.

"டேபிளை வெட்டுனா நான் பாதியாயிருவேன்" என்றேன்.

"தூணை வெட்டுனா ஊடே பாதியாயிருமுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பொங்கல் லீவு வந்தது. பொங்கலுக்கு எங்கள் ஊர் எப்படிக் காலியாகும் என்று திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும். தெக்கத்தி ஆட்கள் பஸ் ஏறிவிட்டார்கள். என் வீட்டுக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பொறந்த ஊட்டுக்குப் போயிருந்தாள். நான் சவுக்குக் கழிகளை முட்டுக் கொடுத்து, சுத்தியலும் உளியும் எடுத்து நானே உடைக்க ஆரம்பித்தேன். இரண்டு நாள் உடைத்தேன். பாதி உடைந்த பிறகு மேலே ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை, விரலைச் சொடுக்கின மாதிரி. பயந்து போய்ப் பெருமாநல்லூருக்கு ஓடினேன்.

கொத்தனார் வந்து பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அன்றைக்கே இரும்பு கர்டர் ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டு பக்கத்துத் தூணுக்கும் நடுவே ஏற்றி, மிச்சத் தூணைப் பார்த்துப் பார்த்து எடுத்தார். அப்படியே விட்டிருந்தால் அந்த வாரமே மேல்தளம் இறங்கியிருக்கும். கூலி கொடுத்தேன், வாங்கவில்லை. "இதுக்கு மேல ஒரு செங்கல் வெக்காதீங்க" என்றது மட்டும்தான் அவர் பேசினது. கர்டரை மறைத்துப் பலகை அடித்து பெயிண்ட் பூசினேன். வீட்டுக்காரி திரும்பி வந்து, தூண் எங்கே என்று கேட்டாள். தேவையில்லையென்று இன்சினீயர் சொல்லிவிட்டார் என்றேன். ஏழெட்டு வருசம் கழித்து வேறு இன்சினீயர், வேறு கொத்தனாரை வைத்து இரண்டாம் மாடி கட்டினேன். வாயைத் திறக்கவில்லை. பெருமாநல்லூர்க்காரர் அதற்குள் செத்துப் போயிருந்தார்.

ஆக, கனவுக்கு அர்த்தம் எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் வேறு அர்த்தம் யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று அலைந்தேன். வேறு எதுவாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

பஞ்சாங்கத்தில் கனவுப் பலன் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். வீடு கட்டுகிற மாதிரி, வீடு எரிகிற மாதிரி, வீட்டில் பாம்பு நுழைகிற மாதிரி, எல்லாவற்றுக்கும் பலன் போட்டிருந்தது. காற்றில் தோள் இடித்தால் என்ன என்று போடவில்லை.

எங்கள் செக்கிங் பகுதியில் தூத்துக்குடிப் பக்கத்து அம்மா ஒருத்தி பத்து வருசமாக இருக்கிறாள். இரண்டாம் மாடியில்தான் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து எனக்கு ஒரு கிண்ணம் கறி அனுப்புகிறவள். அவளிடம் சொன்னேன்.

"வீடுன்னா நம்ம ஒடம்புல்லா அண்ணாச்சி" என்றாள். "கூரை தலை, வாசல் வாய், தூணு எலும்பு. எங்கூர்ல அப்படித்தான் சொல்லுவாவ."

தூண் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தூணைப் பத்தி நான் ஒன்னுஞ் சொல்லலியே" என்றேன்.

"சும்மா சொன்னேன். தோள்ல இடிக்குன்னா ஒரு எட்டு டாக்டர்ட்ட காமிச்சிருங்க. இந்த வயசுல கெத்துக் காட்டப்பிடாது."

காட்டினேன். படம் எடுத்தார்கள். "இந்த வயசுக்கு இப்படி ஒரு எலும்பு நான் பாத்ததில்லீங்க" என்றார் டாக்டர். என்னைப் புகழ்ந்து ஒருத்தர் பேசி நான் வருத்தப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

பிறகு அவிநாசியில் ஒரு ஜோசியரிடம் போனேன். கட்டத்தைப் பார்த்துவிட்டு, "நாலாமிடம்தானுங்க ஊடு. அம்மாவுக்கும் அதே எடந்தான். தாயாருக்கு ஏதோ குறை வெச்சிருக்கறீங்க, அதுதான் இடிக்குது" என்றார். அம்மாவுக்குக் குறை வைத்தாய் என்று சொல்லக் கேட்டு ஒரு மனுசன் சந்தோசப்படுவானா? நான் பட்டேன். அம்மாவைக் கடைசி காலத்தில் தங்கச்சி வீட்டில் விட்டது குறைதான், அப்படியே இருக்கட்டும் என்று நூறு பேருக்குச் சோறு போட்டேன். மறுநாள் மத்தியானம் படுத்தேன். அதே ஹால், அதே நடை, அதே தோள்.

மருமகள் படித்தவள். போனில் தேடிப் படித்துக் காட்டினாள். "மாமா, கனவுல வர்ற ஊடு நம்ம மனசுங்களாம். மேல்மாடி நம்ம நெனப்பு. கீழ்த்தளம்னா நாம யாருக்கும் சொல்லாம மூடி வெச்சிருக்கறதுன்னு போட்டிருக்குது."

அவசரமாகக் கேட்டேன்: "ஒன்னுமில்லாத எடத்துல இடிச்சா?"

"அதுக்கு ஒன்னும் போடலீங் மாமா. ஏனுங்க, எதையாச்சும் மூடி வெச்சிருக்கறீங்களா?" என்று சிரித்தாள்.

மகனும் சிரித்தான். "எங்கப்பாவா? அவரு மறைச்சா ஊரு பூரா மைக் செட் கட்டியில்ல மறைப்பாரு!"

நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கனவில் வராத மாதிரியே நேரிலும் வரவில்லை.

இதற்குள் நான் இன்னொரு காரியம் பண்ணியிருந்தேன். எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் ஸ்டூலில் ஏறி கர்டரை மூடின பலகையில் ஒன்றைக் கழற்றினேன். இரும்பின் அடியில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓவர்லாக் நூலை விறைப்பாக இழுத்துக் கட்டினேன். நடுவில் நூலுக்கும் இரும்புக்கும் சுண்டுவிரல் போகிற இடைவெளி விட்டிருந்தேன். இரண்டு மாசத்தில் அந்த இடைவெளியில் விரல் போகவில்லை. பிறகு ஒரு தாள் போனது. கார்த்திகை முடியும்போது தாளும் போகவில்லை. நூல் தளர்ந்தால் கீழேதான் தொங்கும், மேலே போய் ஒட்டாது. இறங்கி வந்தது இரும்புதான். மேலே சமையலறையில் வீட்டுக்காரி குழவியை உருட்டுகிற ஒவ்வொரு தடவையும் அண்ணாந்து பலகையைப் பார்த்தேன். பேரப்பிள்ளை எங்கள் மாடி ஹாலில் குதித்தால் அதட்டினேன். தாத்தாவுக்கு வயசாகிக் கோபம் வந்துவிட்டது என்றார்கள்.

மாடி வேலைக்கு முன்னால் முருகனிடம் பூக் கேட்க வேண்டும் என்றாள் வீட்டுக்காரி. எங்கள் பக்கம் கிணறு வெட்டினாலும் பொண்ணுப் பார்த்தாலும் பூக் கேட்காமல் செய்ய மாட்டோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டணம், சிவப்புப் பூ ஒரு பொட்டணம். சாமி முன்னால் போட்டு, மனசுக்குள் கேள்வியைச் சொல்லி, ஒரு பொட்டணத்தை எடுத்துப் பிரிப்பது. வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம்.

மலைக்கோயிலுக்கு எல்லாரும் போனோம். சிவப்பு வரட்டும் முருகா என்று படி ஏறும்போதே வேண்டிக்கொண்டு போனேன். சாமியே வேண்டாமென்றுவிட்டால் நான் சொல்ல வேண்டியதே இல்லை பாருங்க. பூசாரி பொட்டணத்தைப் பிரித்தார். வெள்ளை.

மகன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். மருமகள் திருநீறு பூசினாள். நான் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மூன்றாம் மாடி கட்டலாமா என்றுதானே கேட்டேன்? கீழே தூண் இல்லாத வீட்டின் மேல் கட்டலாமா என்று கேட்கவில்லையே. சாமியிடம்கூடப் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறேன்.

இறங்கும்போது மகனும் மருமகளும் முன்னால் போய்விட்டார்கள். வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக வந்தாள். கனவைப் பற்றி ஊரெல்லாம் கேட்டவன் அவளிடம் மட்டும் கேட்டதில்லை. அவளே கேட்டாள்.

"ஏனுங்க, தோள் இடிக்குதுன்னு எல்லார்த்துகிட்டயும் சொல்றீங்களே, ஹால்ல எந்த எடத்துல இடிக்குது?"

"நடுவுல."

"டேபிளுக்கு வடபக்கத்துலீங்களா?"

"ஆமா."

என் கையை விடாமல் இன்னும் இரண்டு படி இறங்கினாள். "அந்த எடத்துல ஒரு தூண் இருந்துச்சு. அதுல சாஞ்சு ஒக்காந்துதான் பையனுக்குப் பால் குடுப்பேன். சில்லுன்னு இருக்கும்." பிறகு நின்றாள். "தேவையில்லைன்னு இன்சினீரு சொன்னாருன்னு சொன்னீங்க. எந்த இன்சினீருங்க?"

நான் அடுத்த படியைப் பார்த்தேன்.

"ஊடுன்னா மனசு, ஊடுன்னா ஒடம்புன்னு என்னென்னமோ சொன்னாங்க" என்றாள். "ஊடுன்னா ஊடுதானுங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

"நான் சொல்றேன்."

"எப்ப?"

"தையில."

"தையில கம்பி கட்ட ஆரம்பிச்சிருவாங்க. நாளைக்கு இன்சினீரு அளக்க வர்றாரு. நாளைக்குச் சொல்லோணும்."

மறுநாள் காலையில் இன்சினீயர் மொட்டைமாடியில் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார். சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். மகன் பக்கத்தில் நின்று, "எங்கப்பா கட்டுன ஊடுங்க, இன்னும் ரெண்டு மாடி தாங்கும்" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தான். என் பேச்சுதான் அது, என் வாயிலிருந்து அவன் வாய்க்குப் போயிருக்கிறது. சொல்லப் பார்த்தேன். "கீழ வாங்க" என்பது மட்டும்தான் வந்தது.

ஹாலுக்குக் கூட்டிப்போனேன். மிசின்களை நிறுத்தச் சொன்னேன். ஒவ்வொன்றாக நின்றது. டேபிள் மேல் வெள்ளைத் துணி ஐம்பது அடுக்கு விரித்துக் கிடந்தது. சட்டைப் பையிலிருந்து மார்க்கிங் சாக்பீஸை எடுத்தேன். அந்தத் துணி மேலேயே, டேபிளின் வடக்கு ஓரத்தை ஒட்டி, தூண் நின்ற இடத்தில், தூண் இருந்த அளவுக்கு ஒரு கட்டம் போட்டேன். அளவு எடுக்கவில்லை. கைக்குத் தெரியும்.

"ஐயோ, துணி போச்சுங்களே!" என்று கட்டிங் மாஸ்டர் கத்தினார்.

"இங்க ஒரு தூண் இருந்துச்சு" என்றேன். "நாந்தான் எடுத்தேன்."

இன்சினீயர் கட்டத்தைப் பார்த்தார், அண்ணாந்து பலகையைப் பார்த்தார். கழற்றிப் பார்க்கச் சொல்லவே இல்லை. "எல்லாரும் வெளிய போங்க. மேல இருக்கறவங்களையும் கீழ வரச் சொல்லுங்க. இப்பவே" என்றார். கனவில் எனக்கு வராத வார்த்தையை அவர் அவ்வளவு லேசாகச் சொன்னார். அன்றைக்கு லீவு போட்டிருந்த தூத்துக்குடி அம்மா இரண்டாம் மாடியிலிருந்து ஈரத் தலையோடு, மாமியாரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். ஒடிசாப் பையன்கள் தட்டோடு வந்தார்கள். தெருவில் அத்தனை பேரையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் என் தலை மேல் எத்தனை பேர் இருந்தார்கள் என்று தெரிந்தது. பேரப்பிள்ளை என்னைப் பார்த்து, "இப்பக் குதிக்கலாமா?" என்று கேட்டது.

மகன் என்னிடம் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "ரெண்டாம் மாடி போடறப்பவாச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்களாப்பா?" என்றான். அவ்வளவுதான். அடித்திருந்தால் தேவலை.

இருபது நாள் ஜாக்கி முட்டுக் கொடுத்து, அஸ்திவாரம் தோண்டி, அதே இடத்தில் தூணைத் திரும்ப எழுப்பினார்கள். நீள டேபிளை இரண்டாக வெட்டினோம். மூன்றாம் மாடி கிடையாது என்று ஆகிவிட்டது. தூண் வேலையைச் செய்தது பெருமாநல்லூர்க் கொத்தனாரின் மகன். அவருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. அப்பாவைப் போலவே பேச்சுக் குறைவு.

தூணுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசை போட்ட அன்று சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் என் மகன் சொன்னான்: "அந்தக் காலத்துக் கொத்தனாரு பண்ணுன அரைகுறை வேலைங்க. அப்பாவுக்கே தெரியாது." என் மரியாதையைக் காப்பாற்றுகிறானாம். கொத்துக்கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்த கொத்தனார் மகன் அதைக் கேட்டார். தலையைத் தூக்கவில்லை. கழுவின கரண்டியையே திரும்பவும் கழுவினார். என் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தாரே அவர் அப்பா, அதே குனிந்த கழுத்து. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஆனால் அன்றைக்கும் நான் பேசாமல் இருந்துவிட்டேன். வந்தவர்களோடு காப்பி குடித்தேன்.

கனவு நின்றுவிட்டதா என்று வீட்டுக்காரி கேட்கிறாள். ஹால் வருவதில்லை. இப்போது அவிநாசி ரோட்டுக் குடோன் வருகிறது. அங்கே நான் எந்தத் தூணையும் எடுக்கவில்லை. நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். எடுக்கவில்லை. இருந்தாலும் போன வாரம் ஒரு நூல் கண்டை எடுத்துக்கொண்டு போய் வந்தேன்.

இன்சினீயர் கொடுத்த காகிதம் கம்பெனி பைலில் இருக்கிறது. சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பார்ட்டி கட்டடத்தைப் பார்க்க வந்தால் காட்டுவதற்கு. மருமகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். முன்பு வேலை செய்த கொத்தனார் தூணை நீக்கியிருக்கிறார் என்று, மகன் கேட்டுக்கொண்டபடி எழுதியிருக்கிறது. அவர் நீக்கவில்லை. வேண்டாமென்றவர் அவர். நான் பாதியில் விட்டதைத் தாங்கி நிறுத்தி, கூலி வாங்காமல் போனவர் அவர். இத்தனை வருசம் எங்கள் குடும்பம் மேலே படுத்துத் தூங்கியது அவர் வைத்த இரும்பின் மேல்.

இந்த வீட்டைக் கட்டினது நானென்று ஊர் பூராவும் சொன்னேன், எல்லாரும் ஒத்துக்கொண்டீர்கள். அப்படியானால் இதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். இன்சினீயர் தம்பி, அந்தக் காகிதத்தைக் கிழித்துப் புதுசாக எழுதுங்கள். பெருமாநல்லூர் வீட்டுக்கு என் மகனே ஒரு நகலைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தூணை எடுத்தது நான். உளி பிடித்தது இந்தக் கை. மறைத்தது நான். கடைசியில் சொன்னதும் நான்தான், அதையும் விட்டுவிடாதீர்கள். என் பங்கை என் பேரிலேயே போடுங்கள்.